தவிட்டுக்கு வாங்கியது

பத்தொன்பது வயதில் நான் மலைமேல் இருக்கிற முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனபோது அது பலித்திருந்தது. என் குடும்ப வாழ்க்கையின் முதல் சிக்கல் அதுதான். கேட்டது கிடைக்கவில்லையே என்று சன்னதியில் நின்று அழுதவர்களைத் திருத்தணியில் நிறையப் பார்த்திருக்கிறேன். கிடைத்துத் தொலைத்ததே என்று அழுதவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

என்ன கேட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கிழவனுக்கு என்ன கூச்சம் என்று நீங்கள் நினைக்கலாம். வயதானால் கூச்சம் போய்விடும் என்று யாரோ புரளி கிளப்பிவிட்டிருக்கிறார்கள், நம்பாதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். பெண்ணாசை என்கிற ஒன்றை என் உடம்பிலிருந்து அடியோடு எடுத்துவிடு, பால்காவடி எடுக்கிறேன் என்று கேட்டேன். அந்த ஆடிக் கிருத்திகைக்கே காவடியும் எடுத்தேன். பாக்கி வைக்கவில்லை.

ஏன் அப்படிக் கேட்டேன் என்றால் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊர் நெசவு வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான், தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும். நைனா தறியில் கெட்டிக்காரர், பக்தியில் அதைவிடக் கெட்டிக்காரர். கிருத்திகைக்குக் கிருத்திகை எங்கள் வீட்டுக் கூடத்தில், இரண்டு தறிகளுக்கும் நடுவில் இருந்த இடத்தில், பஜனை நடக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஜால்ராவை மடியில் வைத்துக்கொண்டு அவர் பேசுவார். இந்த உடம்பு ஒன்பது ஓட்டை விழுந்த சாக்கு, அதில் என்ன அழகைக் கண்டீர்கள் என்பார். நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஆண்பிள்ளைக்கு ஒரு சொட்டு வீரியம், அதைச் சிந்துகிறவன் தன் ஆயுசையே சிந்துகிறான் என்பார். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். நாங்கள் மொத்தம் ஆறு பிள்ளைகள். அந்தக் கணக்கை நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை.

வீட்டில் பஞ்சாங்கம் சொன்னதுதான் சட்டம். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி, அமாவாசை, பௌர்ணமி, மாசப் பிறப்பு, இவையெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டிய நாட்கள். சுத்தம் என்றால் எதிலிருந்து சுத்தம் என்று யாரும் சொன்னதில்லை. அசுத்தம் என்று ஒன்று உண்டு, அது நம் உடம்பிலேயே எங்கேயோ இருக்கிறது, பெண்கள் பக்கத்தில் போனால் கிளம்பிவிடும் என்று மட்டும் எனக்குப் புரிந்திருந்தது.

பத்தொன்பது வயதில் ஒரு நாள் படியேறிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் யாரோ ஒரு பெண் சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு ஏறிப் போயிருக்கிறாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆளைக்கூடப் பார்க்கவில்லை. படிக்கல்லில் அவளுடைய ஈரப் பாதச்சுவடு மட்டும் இருந்தது. வெயிலில் அது ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதன்மேல் கால் வைக்காமல் ஒதுங்கி ஏறினேன். மறுநாள் விடியற்காலை கனவு கண்டு எழுந்து, வேட்டியைக் கிணற்றடியில் கசக்கிக்கொண்டிருந்தேன். நைனா வந்து பார்த்தார். வேப்பங்குச்சியை மென்றுகொண்டே திரும்பிப் போனார். அவர் திட்டியிருந்தால் அத்தோடு போயிருக்கும். அடுத்த கிருத்திகையில் நாற்பது சொட்டுக் கணக்கை அவர் எடுத்தபோது என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. மறுநாளே மலையேறி வேண்டிக்கொண்டேன்.

அதன்பிறகு நான் பார்வையை மண்ணில் போட்டுக்கொண்டு நடந்தேன். தெருவில் நல்ல பேர். உங்கள் பிள்ளைக்குச் சாமி களை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்வார்கள். யுத்தக் காலம். நூலுக்குக் கட்டுப்பாடு வந்து தறி பாதி நாள் சும்மா கிடந்தது. அதனால் கல்யாணப் பேச்சும் தள்ளித் தள்ளிப் போனது. யுத்தம் ஓய்ந்த பிறகு ஒரு மாசியில், மலைமேல் வள்ளி கல்யாண உற்சவம் முடிந்த நாலாம் நாள், எனக்குக் கல்யாணம் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு, அவளுக்கு இருபது. இப்போதைய ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர். தூரத்து முறையில் எனக்கு மாமன் மகள், அதனால் என்னைப் பாவா, அதாவது அத்தான், என்று கூப்பிடுவாள். பெரிய கண், நீளக் கை, ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்ற உட்கார்ந்தால் ராட்டை சத்தம் போடாது.

எங்களுக்கு நூல் வைக்கிற அறையைக் கொடுத்தார்கள். வேறு அறை இல்லை. சாமிப் படங்களும் அங்கேதான் இருந்தன. முருகன் நடுவில், இரண்டு பக்கமும் வள்ளி, தெய்வானை. முதல் நாள் அம்மா அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, நெற்றி நிறைய விபூதி வைத்து, படங்களுக்குக் கற்பூரம் காட்டி, அந்தச் சூட்டோடு அவளை உள்ளே அனுப்பினாள். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மல்லிகை, விபூதி, கற்பூரப் புகை. எனக்கு மலைமேல் அபிஷேகம் முடிந்து திரை விலகுகிற நேரம் மாதிரி இருந்தது. கை தானாகக் கும்பிடப் போனது. மற்றபடி உடம்பில் ஒரு அசைவும் இல்லை. மார்கழிக் குளத்தில் இறங்கியவன்போல் உறைந்துபோனேன்.

சொன்னால் சிரிப்பீர்கள், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாமி என்னை மறக்கவில்லை. ஊரெல்லாம் வந்து கேட்கிற கூட்டத்தில் என் குரலும் காதில் விழுந்திருக்கிறது. ஐந்தாறு நாள் அந்தப் பெருமையில் இருந்தேன். பிறகுதான் மெல்ல மெல்ல உறைத்தது. பக்கத்தில் ஒருத்தி படுத்திருக்கிறாள். தாலி கட்டிக் கூட்டிவந்தவன் நான். அவளை எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. பகலில் அவள் தார் சுற்றும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நெய்வேன், இழை அறுந்துபோகும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் கற்பூர வாசனை வரும், எல்லாம் அணைந்துவிடும். படங்களுக்கு முன்னால் விளக்கு எரிந்தாலும் சரி, அணைத்தாலும் சரி. ஆசை இருக்கிறதா, இல்லையா? எடுத்துவிட்டாரா, பாதி எடுத்தாரா? பகலில் ஒரு மாதிரியும் விளக்கு வைத்த பிறகு ஒரு மாதிரியும் வரம் கொடுப்பது உண்டா? மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

அவளிடம் என்ன சொல்வது? விரதம் என்றேன். செவ்வாய் என்றேன், வெள்ளி என்றேன். பிறகு திங்களும் சேர்த்துக்கொண்டேன். பஞ்சாங்கத்தில் ஓட்டை இருந்த நாட்களையெல்லாம் நானே அடைத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்னோடு சேர்ந்து அவளும் ஒரு வேளை சாப்பிட ஆரம்பித்தாள். புதுப் பெண்ணுக்கு இவ்வளவு பக்தியா என்று நைனாவுக்கு வாயெல்லாம் பல். பஜனையில் எங்கள் இரண்டு பேரையும் எடுத்துக்காட்டாகச் சொன்னார். நான் ஜால்ரா சத்தத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மாவுக்கு மட்டும் வேறு கணக்கு. மாசாமாசம் அவள் தூரமாகி, கொல்லைப்பக்கம் மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்தால் அம்மா முகம் சுருங்கும். இந்த மாசமும் உட்கார்ந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வாள். அதை அவள் காதில் விழும்படிதான் சொல்வாள். அந்த மூன்று நாளும் எனக்கு நிம்மதியாக இருக்கும், பொய் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்காக என்னை நானே காறித் துப்பிக்கொள்வேன்.

ஆனி மாசம் யாருக்கும் தெரியாமல் கனகம்மாசத்திரத்துக்குப் போனேன். நூல் விசாரித்து வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு, கரியில் ஓடுகிற பஸ்ஸில் இருமிக்கொண்டே போய் இறங்கினேன். ரோட்டோரத்தில் ஒரு நாட்டு வைத்தியர் இருந்தார். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், எத்தனை வருஷமாக என்றார். நான் வேண்டுதலைச் சொல்லவில்லை, கல்யாணம் ஆனதிலிருந்து என்று மட்டும் சொன்னேன். உஷ்ணம் என்றார். ஒரு தகர டப்பாவில் லேகியம் அடைத்துக் கொடுத்தார். நான் எழுந்தபோது பத்தியத்தைச் சொன்னார்.

"புளி, கத்திரிக்கா, கருவாடு தொடாதே. நாப்பத்தெட்டு நாளு பொண்டாட்டி பக்கம் தலை வெச்சிப் படுக்கவே கூடாது, தெரியுதா. அப்பதான் மருந்து புடிக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எதற்காக மருந்து வாங்க வந்தேனோ அதையே செய்யாதே என்கிறார். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இன்னும் நாற்பத்தெட்டு நாள் பொய் சொல்ல வேண்டாம், மருந்தே சாட்சி. அந்த அப்பாடாவைப் பார்த்துத்தான் முதன்முதலாகப் பயந்தேன். சாமி எடுத்துக்கொண்டிருந்தால் நான் எதற்காக இப்படி ஓடி ஒளிய வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே வீடு வந்து சேர்ந்தேன்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது ஆகாது என்று புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரு மாசம் பிரித்து வைப்பது வழக்கம். அவள் அண்ணன் தட்டு வரிசையோடு வந்தார். எனக்குப் புது வேட்டி, நைனாவுக்கு ஒரு துண்டு. இளசுகளைப் பிரிப்பது பாவம்தான், என்ன செய்வது, வழக்கமாயிற்றே என்று அவர் என்னிடம் கண்ணைச் சிமிட்டினார். நான் திருதிருவென்று விழித்தேன்.

அவர் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் நூல் அறையில் புடவையை மூட்டை கட்டினாள். நான் வாசற்படியில் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"பாவா, ஒன்னு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். ஆடி போனா நான் திரும்பி வரணுமா, வேணாமா?"

வரணும் என்று சொல்ல வாய் திறந்தேன். வந்து என்ன செய்வாள் என்ற எண்ணம் குறுக்கே விழுந்தது. சத்தம் வரவில்லை. அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். பிறகு மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

அவள் போன பிறகு வீட்டில் அம்மா வேறு பேச்சு எடுத்தாள். தை வரைக்கும் பார்க்கலாம், வயிற்றில் ஒன்றும் தங்காவிட்டால் இன்னொரு பெண் பார்க்கலாம் என்றாள். நைனா மறுக்கவில்லை. அந்த வீட்டில் குற்றவாளி யார் என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அவளுடைய வாழ்க்கை என் வாய்க்குள் இருந்தது. நான் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராட்டை ஓரமாகச் சும்மா கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. இழை அறுந்ததாகச் சொல்லித் தறிக்குழியில் குனிந்து அழுதேன்.

இரண்டாம் நாள் மலையேறினேன். வேண்டியதை நிறைவேற்ற ஆயிரம் வழி இருக்கிறது. மொட்டை, காவடி, துலாபாரம், மண்சோறு. நிறைவேறியதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழியும் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே ஒரு வயதான குருக்களிடம் பட்டும் படாமலும் கேட்டேன். சாமிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டோம், இப்போது அது வீட்டுக்கு வேண்டியிருக்கிறது, திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றேன். அவருக்கு நெய்வேத்திய அவசரம்.

"தத்துக் குடுத்த கொழந்தைதானே? தவிட்டைக் குடுத்து வாங்கிண்டு போங்கோ. எல்லாரும் பண்றதுதான்."

எனக்குப் பொறி தட்டியது. நோயில் பிழைக்காது என்ற குழந்தையைச் சாமிக்குத் தத்துக் கொடுப்பார்கள். பிழைத்ததும் ஒரு படி தவிட்டைக் கொடுத்து விலைக்கு வாங்குவதுபோல் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். எங்கள் தெருவிலேயே தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். குழந்தைக்கு ஆகிறது இதற்கு ஆகாதா? நான் கொடுத்ததும் என் உடம்பில் ஒரு பங்குதானே? இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அவ்வளவு தெளிவாக எனக்கு எதுவும் புரிந்ததில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று ஒரு படி தவிட்டைத் துண்டில் முடிந்துகொண்டு படியேறினேன். தமிழிலும் தெலுங்கிலும் அரோகரா. பூக்காவடிகள் என் முகத்தில் இடித்துக்கொண்டே போயின. பாதி மலையில் இளைப்பாறுகிற மண்டபத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வீட்டாரும் காவடி எடுத்து வந்திருக்கிறார்கள். அண்ணன் காவடியோடு முன்னால் போய்விட்டார், காலில் முள் ஏறியதால் இவள் பின்தங்கியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இளைத்திருந்தாள். என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்து, அது என்ன என்றாள்.

தவிடு என்றேன். எதற்கு என்றாள். அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஈரப் பாதச்சுவட்டிலிருந்து லேகியம் வரைக்கும், கற்பூர வாசனை, நாற்பது சொட்டு, ஒன்றுவிடாமல். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முள் ஏறிய இடத்தில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. சொல்லி முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

"என் ஒடம்புல ஏதோ நாத்தம்னு நெனச்சிக்கினு இருந்தேன் பாவா. மூணு வேளை குளிச்சேன். கிராம்பை மென்னு மென்னு நாக்கு வெந்து போச்சி. எங்க அண்ணிகிட்ட மோந்து பாக்கச் சொன்னேன், அவங்க சிரிச்சிட்டாங்க."

ஆறு மாசமாக நான் என் சுத்தத்தையே எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருத்தி தன்னை அசுத்தம் என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், பக்தி என்று நினைத்தேன். மன்னித்துவிடு என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆண்கள் அந்த வார்த்தையைப் பெண்டாட்டியிடம் சொன்னதில்லை. தவிட்டு மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்களைத் தாண்டி ஒரு காவடி போனது. அதில் முருகனும் வள்ளியும் படமாக ஆடிக்கொண்டே போனார்கள். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது.

"கேட்டதுதான் கேட்டீங்க, போயும் போயும் இவருகிட்டயா? கெழவன் வேசம் கட்டிக்கினு வள்ளியம்மா பின்னாலயே காடெல்லாம் அலைஞ்சவரு. கட்டிக்கினு வந்து குந்தின எடமே இந்த மலைதான். உங்க வேண்டுதலை அவரு காதுலயே போட்டுக்கினு இருக்கமாட்டாரு."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் இன்னும் நீர் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்ததிலிருந்து மாசிக்கு மாசி வள்ளி கல்யாணம் பார்த்தவன் நான். தாலி கட்டும்போது அட்சதை போட்டிருக்கிறேன், பொங்கல் வாங்கித் தின்றிருக்கிறேன். அது ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்த விஷயம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. அவள் சொல்கிறபடி சாமி என் வேண்டுதலைக் காதில் வாங்கவே இல்லை என்றால், என்னை இப்படி ஆக்கியது யார்? நைனாவா? அவர் ஒரு விரலால்கூட என்னைத் தொடவில்லையே. நானேவா? இருபத்திரண்டு வருஷமாகச் சாமி என்று நினைத்து யார் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்? மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டேன். அந்தக் குழப்பம் முழுசாகத் தீரவில்லை, இன்றைக்கும்தான்.

அப்படியானால் தவிடு வேண்டாமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது. அவள் யோசித்தாள். வந்தது வந்தாயிற்று, கொடுத்துவிடலாம் என்றாள். நான் மூட்டையைத் தூக்கினேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தன்னைத் தானே யாராவது வாங்கிக்குவாங்களா? சொந்தக்காரங்கதான் வாங்கணும்."

நொண்டிக்கொண்டே எனக்கு முன்னால் ஏறினாள். மேலே சன்னதிப் பக்கம் நெருங்க முடியாத கூட்டம். கொடிமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கால் படாத ஒரு ஓரத்தில் துண்டை அவிழ்த்துத் தவிட்டைக் கொட்டினாள். கும்பிடவில்லை. சந்தையில் பேரம் முடித்தவள்போல், சன்னதி இருந்த திசையைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்.

"இவரை நான் வாங்கிக்கினேன்."

நாங்கள் திரும்புவதற்குள் எங்கிருந்தோ ஒரு ஆடு வந்து தவிட்டைத் தின்ன ஆரம்பித்தது. நான் விரட்டப் போனேன். விலை கொடுத்தாயிற்று, யார் தின்றால் என்ன என்று அவள் தடுத்துவிட்டாள். சாமிக்குச் சேர்ந்ததா, ஆட்டுக்குச் சேர்ந்ததா என்று அடுத்த பத்து நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். பிரிவதற்கு முன்னால், ஆவணி ஒன்றாம் தேதி வருகிறேன், வந்த பிறகு விபூதி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வராதீர்கள், நானும் வைத்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். விபூதி இல்லாத நெற்றியோடு நான் இருந்ததே இல்லை. சரி என்றேன்.

சொன்ன தேதியில் வந்தாள். வந்த மூன்றாம் நாள், நூல் தூசி சாமிப் படத்தில் படிகிறது, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று மாமியாரிடம் சொன்னாள். படங்கள் கூடத்துக்குப் போயின. மருமகளின் பக்தியைப் பார்த்து அம்மா உருகிவிட்டாள். லேகிய டப்பாவைக் கழுவி என் பெண்டாட்டி ஊசி நூல் போட்டு வைத்துக்கொண்டாள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. பல நாள் சும்மா கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். ஆட்டைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பயப்பட மறந்துபோன ஒரு நேரத்தில், நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆனோம். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஆனால் விடிந்ததும் விடியாததுமாக நான் கிணற்றடிக்கு ஓடி நாலு குடம் தலையில் ஊற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். யாரும் சொல்லவில்லை, கால் தானாக ஓடும். அவள் பாயில் உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் அந்தக் கிராம்பு நாட்களின் சாயல் தெரியும். எனக்கு வேதனையாக இருக்கும். அடுத்த தடவையும் ஓடுவேன்.

தை மாசம் நைனாவும் அம்மாவும் சின்னதுகளைக் கூட்டிக்கொண்டு என் அக்கா வீட்டுக்கு, திருவாலங்காட்டுக்கு, நாலு நாள் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வேண்டிய நேரத்துக்குச் சமைத்தோம், பசித்தபோது தின்றோம். பஞ்சாங்கம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் புரட்டவில்லை. ஐந்தாம் நாள் காலை நான் வழக்கம்போல் கிணற்றடிக்குப் போனேன். அவள் எனக்கு முன்னால் போய் ராட்டினக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கி வேணாம் பாவா. என்மேல ஒன்னும் அழுக்கு இல்ல."

நான் காலிக் குடத்தோடு நின்றேன். பிறகு குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு தறியில் இறங்கினேன். குளிக்காமல் தறியில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இழை அறுந்துபோகும், குறுக்கே ஊடை ஓட்டுகிற நாடா கையில் அடிக்கும், ஏதாவது நடக்கும் என்று காத்துக்கொண்டே நெய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

உச்சி வேளைக்கு நைனா வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக என் தறிக்கு வந்தார். மோப்பம் பிடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் குனிந்து, நெய்து சுற்றியிருந்த துணியைப் புறங்கையால் தடவிப் பார்த்தார்.

"நெசவு நல்லா நெருக்கமா கீதுடா. நேத்து சஷ்டி இல்ல? வெரதம் இருந்தா கை இப்படித்தான் நிக்கும்."

நேற்று சஷ்டி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆங் நைனா என்றேன். அவர் திருப்தியாகக் கொல்லைப்பக்கம் போனார். ராட்டை நின்றுபோயிருந்தது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்திருந்தாள், தோள் இரண்டும் குலுங்கின. எழுந்து கிணற்றடிக்கு ஓடுவதா, அவளோடு சேர்ந்து சிரிப்பதா என்று தெரியாமல் நான் கொஞ்ச நேரம் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நெய்தேன்.